நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டோம், அண்ணே

என் தங்க அண்ணே, படுபாவி அண்ணே,

நீ இருந்தவரைக்கும் உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். பட்டாளத்திலிருந்து நீ லீவில் வந்து இறங்கும்போது உன் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்த காலத்திலிருந்தே அப்படித்தான். சொல்லாமல் கொள்ளாமல் போனவனுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? இனிமேல் ‘நீ’தான். கோபம் வந்தால் எழுந்து வந்து அடி.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஊரில் என்ன விசேஷம் என்று கேட்பாய். கோவில்பட்டி ரோட்டை நாலு வழியாக்குகிறார்கள். புளியமரத்தையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டார்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கு மண்டை காய்கிறது. செல்போன் வந்துவிட்டது. ஆனால் நம் ஊரில் ஓடைமேட்டில் ஏறி நின்றால்தான் பேச்சு கேட்கும், அதனால் ஊர் ரகசியம் பூராவும் இப்போது மேட்டில் நின்று கத்தப்படுகிறது. மழை இந்த வருஷமும் ஏய்த்துவிட்டது. பருத்தி முழங்கால் உயரத்தோடு நின்றுபோனது. என் மாவு மில் மட்டும் ஓடுகிறது.

நீ நெஞ்சுவலியில் செத்தாய் என்பதுதான் ஊருக்குத் தெரியும். இல்லை, தெரிந்திருந்தது. அதை நான் உடைத்துவிட்டேன். எதற்காக உடைத்தேன், அதனால் உன் மகள் கோமதிக்கு என்ன ஆனது என்று உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்றைக்கு உன்னைக் கிடத்தியிருந்த வீட்டில், நாங்கள் வாயைத் திறந்து அழுவதற்குள் மதினியின் அண்ணன் கதவைச் சாத்தினார். “யாரும் சத்தம் போடாதீங்க. என்ன நடந்துச்சுன்னு முதல்ல முடிவு பண்ணிக்கிடுவோம்” என்றார். நடந்தது எங்கள் கண்முன்னால் கிடக்கிறது. அதை முடிவு பண்ண ஒரு கூட்டம்! “விடியக்காலம் நெஞ்சுவலி. எவன் கேட்டாலும் நெஞ்சுவலி. வயசுப்பிள்ள இருக்க வீடு, வெளிய தெரிஞ்சா எவன் வந்து பொண்ணு கேப்பான்?” என்றார். முடிவான பிறகுதான் கதவைத் திறந்தார். அதற்கப்புறம்தான் நாங்கள் அழ அனுமதி. நீ எப்படிப் போனாய் என்பதை இங்கே எழுதமாட்டேன். படிக்கிற ஒருத்தருக்கும் அது தேவையில்லை.

முன்னாள் ராணுவத்தார் என்று சொல்லிக்கொண்டு மாலையோடு வந்த ஒருத்தர் உன் தலைமாட்டில் நின்று பேசினார். “எதிரிக்கு நெஞ்சைக் காட்டின வீரன், கடைசியில அந்த நெஞ்சே அவரக் கைவிட்டுருச்சு” என்றார். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அண்ணே. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து ஒருத்தி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

துட்டி கேட்க வேன் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சாவு வீட்டுக்கு வந்து துக்கம் விசாரிப்பதில் நம் ஆட்களை மிஞ்ச முடியுமா? வேலைவெட்டியைப் போட்டுவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, “நல்ல மனுசன்” என்றார்கள். இதே ஆட்கள் நீ உயிரோடிருந்தபோது உன் வாசலுக்கு எதற்கு வந்தார்கள்? பாட்டிலுக்கு. “என்ன மிலிட்டரி, இந்த மாசம் கோட்டா வாங்கியாச்சா?” இதுதான் ஊர் உன்னிடம் கேட்ட ஒரே நலம். பட்டாளத்துக் கேண்டீனில் சரக்கு வாங்குவதை நீ நிறுத்தினாய். “மிலிட்டரிக்கு ஏத்தம் கூடிப்போச்சு” என்றார்கள். அதற்குப் பிறகு உன் வாசலை நாய்தான் மிதித்தது.

பதினாறாம் நாள் காரியத்தன்று நம் சின்னையா ஒருத்தர் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். “தாயி, அண்ணன் பெட்டியில ஏதும் மிச்சம் கெடக்கா பாரு. மேலு வலிக்கு” என்றார். “இருக்கு சின்னையா” என்று உள்ளே போனேன். நீ கடைசியாக என் மில்லில் அரைக்கப் போட்டுவிட்டு, வாங்க வராமல் விட்ட கம்பு மாவு இருந்தது. அதைக் கூழாகக் காய்ச்சி ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினேன். “அவன் மிச்சம் வச்சது இதான். குடிங்க” என்றேன். குடித்தார், அண்ணே! கொஞ்சம் உப்பு கேட்டு வாங்கிப் போட்டுக் குடித்தார்.

நீ மத்தியானமானால் மில்லுக்கு வந்து மிளகாய் மூட்டைமேல் உட்காருவாயே. தும்மித் தும்மிக் கண் சிவந்துபோகும். “வீட்ல போயி செத்த படுங்களேன்” என்பேன். “இந்தச் சத்தத்துலதான் பேச்சி, எந் தலைக்குள்ள கேக்கது அமுங்கிக் கெடக்கு” என்பாய். என்ன கேட்கிறது என்று ஒரேயொரு நாள் சொன்னாய். பனிமலையில் சரிவு இறங்கி, நீயும் உன்னோடு பட்டாளத்தில் இருந்த வேலுச்சாமியும் தோண்டத் தோண்ட, அடியில் கிடந்த ஒருத்தன் உங்கள் இரண்டு பேர் பெயரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான் என்றாய். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டான் என்றாய். அதைச் சொன்ன கையோடு “மாவு சுடுது, ஆற வையி” என்றாய். வெயிலில் கரிசல் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நீ பனியில் செத்துக்கொண்டிருந்தாய்.

அந்த வேலுச்சாமி அண்ணாச்சியும் உன் துட்டிக்கு வந்தார். குளத்தூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “நெஞ்சுவலியா?” என்றார். “ஆமா அண்ணாச்சி. பட்டுனு போயிட்டாவ” என்றார் மதினியின் அண்ணன். வேலுச்சாமி அண்ணாச்சி “கொடுத்து வச்சவன்” என்றார்.

துட்டி வீட்டில் எல்லாரும் சொல்கிற சொல்தான். படுத்த படுக்கையாய்க் கிடக்காமல் போய்ச்சேர்ந்த கிழவர்களுக்குச் சொல்வார்கள். தலை நரைக்காத உனக்கு, உன் கூட நின்று தோண்டியவர் சொன்னால் என்ன அர்த்தம்? நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்து இலைக்கு மட்டும் சோறு விழுந்தால் ஒருத்தன் பார்ப்பானே, அந்தப் பார்வை. அவருக்கு உன்மேல் பொறாமை, அண்ணே. துட்டி வீட்டில் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக்கூடாதல்லவா? பேசாமல் எழுந்து போனார். அடுத்தது இவர்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

முன்னாள் ராணுவத்தாருக்கென்று இருக்கிற ஒரு ஆபீசுக்குப் போனேன். “பென்ஷனா, கேண்டீன் கார்டாம்மா?” என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர். “ரெண்டும் இல்ல. பட்டாளத்துல இருந்து வந்த ஒருத்தர் தன்னைத்தானே முடிச்சுக்கிடுவாரோன்னு பயமா இருக்கு” என்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார். “அதுக்கு இங்கன ஒண்ணும் இல்லையே தாயி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா அவுக சம்சாரத்தக் கூட்டிட்டு வா. விதவைப் பென்ஷன் நானே முன்னநின்னு வாங்கித் தாரேன்” என்றார். கிண்டல் இல்லை, அண்ணே. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்து காராச்சேவு தின்றுகொண்டிருந்த ஒருத்தர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ரிட்டயரான சுபேதார், பெயர் ஞானமுத்து. வாய் ஓயாத மனிதர், பஸ்ஸில் ஏறினால் குறட்டை. “எந்த ஊரு ஆளும்மா அவரு?” என்றார். சொன்னேன். சேவுப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். “வா, போவோம். செத்தபெறவு எப்படியும் போவோம்லா? அத முன்னக்கூட்டியே போயிட்டு வருவோம்” என்றார்.

அந்த முதல் நாள் கூத்தைக் கேள். சும்மா ஒரு வீட்டுக்குப் போய் ‘மனசு எப்படி இருக்கு’ என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் எங்கே இருக்கிறது? கல்யாணம் சொல்லப் போவோம், காதுகுத்துக்குப் போவோம், இல்லையென்றால் துட்டிக்குப் போவோம். எங்களுக்குத் துட்டிதான் தெரியும். அப்படியே போனோம். தெருவில் ஒருத்தரிடமும் பேசவில்லை, சிரிக்கவில்லை. நான் வெயிலுக்கு முக்காடு போட்டிருந்தேன். சுபேதார் மரியாதைக்கு என்று மெடலெல்லாம் குத்தி, பட்டாளத்துத் தொப்பியும் வைத்துக்கொண்டு வந்திருந்தார். வாசலில் போய் வாய்பேசாமல் உட்கார்ந்தோம்.

வேலுச்சாமி அண்ணாச்சியின் மகனும் பட்டாளத்தில்தான் இருக்கிறான், வடக்கே எல்லையில். அவர் சம்சாரம் மாரியம்மா முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் தொப்பியைப் பார்த்தாள், என் முக்காட்டைப் பார்த்தாள். சுளகு கையிலிருந்து விழுந்தது. “எஞ் செல்லமே! என்னப் பெத்த ராசா!” என்று தரையில் விழுந்து புரண்டாள். தெரு முழுக்கத் திரண்டுவிட்டது. அவளோடு சேர்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். “மவனுக்கு ஒண்ணும் இல்லம்மா! நாங்க சும்மா வந்தோம்!” என்று சுபேதார் கத்துகிறார், யார் காதிலும் ஏறவில்லை. விஷயம் தெரிந்ததும் அவள் எழுந்து முடியை அள்ளிச் செருகிக்கொண்டு எங்களைக் கிழித்தாள் பார், அதை எழுதினால் எந்தப் பத்திரிகையும் போடாது.

வேலுச்சாமி அண்ணாச்சி நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “சரக்கு இல்ல, போங்க” என்றார் முதலில். அவருக்கும் பழக்கம் அப்படி. சரக்குக்கு வரவில்லை என்று சொன்னோம். அவர் மாரியம்மாவைக் காட்டி, “மவனுக்குன்னதும் எப்படி அழுதா, பாத்தீயளா? எனக்குன்னா, பென்ஷன்ல பாதி வரும்னு சொல்லுவா” என்றார். தெருவே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கீழே சிந்திய உளுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து துட்டிப் போக்கை விட்டோம். தெருமுனையிலேயே சுபேதார் பாட்டை எடுத்துவிடுவார். போய்ச் சும்மா உட்கார்ந்திருப்போம். களை பறித்தால் கூடப் பறிப்போம். புத்தி சொல்லமாட்டோம். “எப்படி இருக்கீய அண்ணாச்சி?” என்றால், “நல்லாத்தான் இருக்கேன்” என்பார். நீயும் அதைத்தானே சொன்னாய்?

அதற்கிடையில் கோமதிக்குச் சம்பந்தம் கூடிவந்தது. நம் வினையைப் பார், மாப்பிள்ளை வீடு வேலுச்சாமி அண்ணாச்சியின் அதே தெரு. தட்டு மாற்றியாயிற்று. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். “பேச்சி, நீ அங்கன போவாதேன்னு சொல்லல. வாய மட்டும் கட்டிக்க. எம் புள்ள கழுத்துல தாலி ஏறட்டும்” என்றாள். கட்டிக்கொள்கிறேன் என்றேன்.

ஐப்பசியில் ஒருநாள் மில்லின் லேண்ட்லைனுக்கு மாரியம்மா போன் பண்ணினாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “உங்க அண்ணாச்சி இப்பத்தான் பேச்சி தெளிஞ்சிருக்காவ. மொகச்சவரம் பண்ணி, எல்லாத்துக்கிட்டயும் சிரிச்சுப் பேசுதாவ. வாட்சக் கழட்டி மச்சினனுக்குக் குடுத்துட்டாவ. ஆட்டப் பிடிச்சு அவுக அண்ணன் வீட்ல கட்டிட்டு வந்துட்டாவ. இனி பாரம் இல்லைங்காவ” என்றாள். நீயும் கடைசி வாரம் இப்படித்தானே தெளிந்தாய்? இப்படித்தானே சிரித்தாய்? நாங்களும் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதெல்லாம் பலித்தது என்று பொங்கல் வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அரைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு சுபேதாரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

முற்றத்தில் மாப்பிள்ளையின் தாயார் உட்கார்ந்து மாரியம்மாவோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். “வாங்க சம்பந்தி!” என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். வேலுச்சாமி அண்ணாச்சி வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். “உங்க அண்ணன நெனச்சுக்கிட்டு இருந்தேன் தங்கச்சி. கொடுத்து வச்சவன். அவனுக்கு நெஞ்சுவலின்னு ஒண்ணு வந்துச்சு. எனக்கு இந்தக் கல்லு நெஞ்சுல எதுவும் வர மாட்டேங்கு” என்றார்.

நான் மாப்பிள்ளையின் தாயாரைப் பார்த்தேன். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் இவர் உயிர், அந்தப் பக்கம் கோமதி கல்யாணம். யோசித்தேன் என்று சொன்னால் பொய். வாய் தானாகத் திறந்துவிட்டது.

“அண்ணாச்சி, எங்க அண்ணனுக்கு நெஞ்சுவலி வரல. அவனா முடிச்சுக்கிட்டான். நாங்கதான் ஊருக்குப் பொய் சொன்னோம். அவன் ஒண்ணும் கொடுத்து வைக்கல. பனிக்குள்ள இருந்து கூப்பிட்டவன் சத்தத்த ஒருத்தர்கிட்டயும் சொல்ல வழியில்லாம ஒத்தையில போயிட்டான். அந்தச் சத்தம் உங்களுக்கும் கேக்குதா? சாவணும்னு தோணுதா? மறைக்காமச் சொல்லுங்க.”

மாரியம்மா என் வாயைப் பொத்த வந்தாள். சுபேதார் அவளைப் பிடித்து நிறுத்தினார். வேலுச்சாமி அண்ணாச்சியின் சிரிப்பு இன்னும் முகத்தில் அப்படியே இருந்தது, எடுத்துவைக்க மறந்ததுபோல.

“தெனமும்” என்றார்.

அப்புறம் அழுதார். பட்டாளத்தில் இருந்த மனிதன் மூக்கு ஒழுக, பிள்ளைமாதிரி அழுதார். வாய் ஓயாத சுபேதார் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை, அவர் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டில் இருக்கக்கூடாததையெல்லாம் வாங்கிக்கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்துப் பூட்டினார். மறுநாள் பாளையங்கோட்டைக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். “பைத்தியத்துக்குப் பாக்குதவர்ட்டயா?” என்று வழியில் நின்ற ஊரிலெல்லாம் பஸ்ஸைவிட்டு இறங்கப் பார்த்தார். இப்போது மருந்து சாப்பிடுகிறார். சில வாரம் நன்றாயிருக்கிறது, சில வாரம் நாய்ப்பாடு.

நாங்கள் திரும்பி வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டுச் சேதி ஓடைமேட்டுக்கு வந்துவிட்டது. ‘தானே போனவன் வீட்டில் கொடுக்கல் வாங்கல் வேண்டாம்.’ தட்டு திரும்பிவிட்டது. மதினி மில்லுக்கு வந்தாள். “எவனோ ஒருத்தன் உசுருக்கு எம் மவ வாழ்க்கைய அரைச்சுட்டயேட்டி! உனக்குன்னு வயித்துல ஒண்ணு பெறந்திருந்தா இப்படிச் செய்வியா?” என்றாள். பிள்ளை இல்லாதவளை எங்கே அடிக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நான் மில்லை நிறுத்தவில்லை. அவள் வாய் ஆடிக்கொண்டே இருந்தது, பிறகு ஒரு கை மண்ணை வாரி என் வாசலில் இறைத்துவிட்டுப் போனாள். இன்றுவரை என்னோடு பேச்சு இல்லை.

மறுநாள் மத்தியானம் கோமதி வந்தாள். உன் மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்தாள். “மில்ல நிறுத்துங்க அத்தே” என்றாள். நிறுத்தினேன்.

“அப்பாவ முதல்ல பாத்தது நான்தான்” என்றாள்.

எனக்கு அதுவரை தெரியாது, அண்ணே. அவளுடைய மாமா அவளைத் தோளைப் பிடித்து உள்ளறையில் தள்ளி, “நீ ஒண்ணும் பாக்கல, கேட்டியா? நீ உறங்கிக்கிட்டு இருந்த” என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை அன்றிலிருந்து உறங்கிக்கொண்டிருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பித்தட்டை நீட்டிக்கொண்டே, “அப்பாவுக்கு நெஞ்சுவலி” என்று சொல்லியிருக்கிறது. “அந்த வீட்டுக்குப் போயிருந்தா நான் சாவுத வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு இருக்கணும்லா அத்தே?” என்றாள். பிறகு என் மடியில் விழுந்து, அத்தனை நாள் அழுகையையும் அழுதாள். அவளையும் இப்போது பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போகிறேன்.

கதவைத் திறந்து யார் முதலில் பார்ப்பார்கள் என்று நீ ஒரு நொடி யோசித்தாயா? யோசிக்கிற நிலையில் நீ இல்லை, அது ஒரு நோய், உன்மேல் குற்றம் இல்லை என்கிறார் டாக்டர். டாக்டர் சொல்வதை நான் நம்புகிறேன். என் கோபம்தான் நம்பமாட்டேன் என்கிறது. இந்தக் கடிதத்தை அச்சில் போடச் சொன்னவள் கோமதிதான். “அப்பாவுக்குன்னே எழுதுங்க, எம் பேரையும் போடுங்க” என்றாள்.

இப்போது நாங்கள் வேறு வீடுகளுக்கும் போகிறோம். வேலுச்சாமி அண்ணாச்சியும் வருகிறார். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். விளாத்திகுளம் ரோட்டில் ஒருத்தரை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம். அந்த வீட்டில் போய் நிஜத் துட்டியே கேட்டோம். சுபேதார் அன்றைக்கு பஸ்ஸில் குறட்டை விடவில்லை.

வேலுச்சாமி அண்ணாச்சி வாரத்தில் பாதிநாள் பஸ் ஏறி என் மில்லுக்கு வந்துவிடுவார். உன் மூட்டைமேல்தான் உட்காருகிறார். உனக்கு வலிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எழுந்து போகும்போது, “போயிட்டு வாரேன் தங்கச்சி” என்று வாயால் சொல்லவேண்டும், அது என் சட்டம். ஒருநாள் மறந்துபோய்ப் பேசாமல் நடந்துவிட்டார். நான் தலையெல்லாம் மாவோடு பஸ் ஸ்டாப்புக்கு ஓடி, படியில் கால் வைத்தவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “சொல்லிட்டுப் போங்க!” என்று கத்தினேன். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. கடன் பாக்கி என்று நினைத்திருப்பார்கள். “வாரேன், வாரேன், வாரேன், போதுமா? சட்டைய விடு தாயி” என்றார்.

அண்ணே, உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். அந்த மனிதரை நான் விடமாட்டேன். பல் விழுந்து, கண் மங்கி, மாரியம்மாவிடம் நாளெல்லாம் வசவு வாங்கி, பேரன் பேத்தி எடுத்து, கிழடாகி, ஒருநாள் அவருக்கு நெஞ்சுவலி வரவேண்டும். நிஜமான நெஞ்சுவலி. அந்தத் துட்டி வீட்டில் போய் உட்கார்ந்து, என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால், “நெஞ்சுவலி” என்று நான் உண்மையைச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு, உனக்காக இன்னும் அழாமல் வைத்திருக்கிறேனே, அதையும் அங்கேயே அழுது தீர்த்துவிடுகிறேன்.

அதுவரைக்கும் உன்னை மன்னிக்காத,
உன் கூடப்பிறந்தவள்,
பேச்சியம்மாள்